சோதிக்காமல் ஏற்றுக்கொள்ளப்பட்டது

கடைசியாக நானும் அத்தாவும் சேர்ந்து செய்த வேலை, இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியது. ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் டார்ச் பிடித்தார். நான் புனலைப் பிடித்துக்கொண்டு ஊற்றினேன். ஆறு மூடிகள். மிதவை பச்சைக் கோட்டைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். நான்காவதில் கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

"ஓவர்" என்றார் அத்தா.

"ஒரு சொட்டுதானே."

"ஒரு சொட்டுன்னு எழுதிக்கோ. ஆனா ஓவர்."

துணியை நீட்டினார். துடைத்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுப் பொன்னுரங்கம் எங்கள் கேட்டில் கையை ஊன்றி நின்றார். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெரு முழுக்க ஒரு காலத்தில் அவர் குடும்பத்து வயல். இப்போது நான்கு கடைகளையும் ஒரு ஜிம்மையும் வாடகைக்கு விட்டிருக்கிறார்.

"இன்னா பாய், இன்னிக்காவது ரெஸ்ட்டா? இல்ல அந்தப் பட்டிக்காட்டுக்குப் போய் சர்வீஸ் பண்ணிகினு வரணுமா?"

"வண்டிக்குத்தான் சர்வீஸ் பண்ணுவாங்க பொன்னுரங்கம். நான் கம்பெனி நடத்துறேன்."

"நல்ல கம்பெனி. கோழிக் கொட்டாயில பொம்பளைங்கள ஒக்கார வச்சு ஒயர் சுத்திகினு கீற. புண்ணியம்தான், நான் வேணாங்கல."

"உங்கப்பா ஏர் ஓட்டின சேத்து மேலதான் என் இன்வெர்ட்டர் நிக்குது. அப்ப நீ யாரு?"

"அது அப்போ, பாய்!"

இருவரும் சிரித்தார்கள். அத்தா ஐந்தாவது மூடியைத் திறக்கச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, தாம்பரம் ரயில் நிலையத்தில் செங்கல்பட்டு வண்டிக்காகக் காத்திருந்தபோது, அத்தா இறந்துபோனார். மாரடைப்பு. பெயர் ஹிதாயத்துல்லா. வயது அறுபத்து நான்கு.

அடுத்த மூன்று நாட்களும் வீட்டுக்கு வந்தவர்கள் ஒரே சொல்லைக் கொண்டுவந்தார்கள். சேவை. பள்ளிவாசல் கமிட்டியார் சொன்னார்கள். அத்தாவின் பழைய கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், 'இருண்ட கிராமத்தில் விளக்கேற்றியவர்' என்று எழுதியிருந்தார். அதற்கு நாற்பது பேர் கைகூப்பியிருந்தார்கள். அந்தக் கிராமமான கொளத்துமேட்டில் மும்முனை மின்சாரம் முன்பே இருந்தது. அது இருந்ததால்தான் அத்தா அங்கே போனார். தாம்பரத்தைவிட அங்கே வோல்டேஜ் நிலையாக இருக்கிறது என்று ஒரு மாதம் அளந்து பார்த்து எழுதிவைத்த நோட்டு என்னிடம் இருக்கிறது.

அம்மா இத்தாவில், கணவர் இறந்த பின் இருக்கும் தனிமையில், இருக்கிறார். நான்கு மாதம் பத்து நாள் வெளியே வரமாட்டார், வெளியாட்களிடம் பேசமாட்டார். நான் ஒரே பிள்ளை. எனவே பதில் சொல்வது என் வேலை. வாட்ஸ்அப்பில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. அத்தா அன்பே உருவான மனிதர் அல்ல. அவருடைய தொழில் ரிஜெக்ட் செய்வது. தாம்பரம் ஏற்றுமதி மண்டலத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் சோதனைப் பிரிவில் இருந்தார். வெளியிலிருந்து வரும் உதிரி பாகங்களிலும் உள்ளே செய்பவற்றிலும் சிலவற்றை உருவி எடுத்து, அளந்து, இழுத்து, உடைத்துப் பார்ப்பார். தேறாவிட்டால் சிவப்புச் சீட்டு. வீட்டிலும் அதே ஆள். தக்காளிக் கூறு, காஸ் சிலிண்டர் எடை, என் பள்ளி ரிப்போர்ட் கார்டில் கூட்டல் பிழை. எனக்கு வந்த மாப்பிள்ளைகளில் நான்கு பேரை ரிஜெக்ட் செய்தார். ஐந்தாவது ஆளை நானே செய்தேன். "காரணம் எழுது" என்றார். எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "ஓகே, செல்லும்" என்றார்.

ஜகாத்தைக் காலணா பிசகாமல் கொடுப்பார். அதற்கு மேல் தானதருமம் என்று அவர் கை நீண்டு நான் பார்த்ததில்லை. கொளத்துமேட்டில் அவர் போட்ட பணத்தை ஜகாத்தில் காட்டிக்கொள்ளலாமே என்று பள்ளிவாசலில் ஒருவர் நல்லெண்ணத்தோடு யோசனை சொன்னார். அந்த மனிதரோடு அத்தா எட்டு மாதம் பேசவில்லை. "ஜகாத் வாங்குறவங்க பட்டியல் குர்ஆன்லயே இருக்கு. அதுல கிரிம்பிங் ஆப்பரேட்டர் இல்ல" என்று வீட்டுக்கு வந்து கத்தினார்.

கொளத்துமேடு, செங்கல்பட்டைத் தாண்டி இருபத்திரண்டு கிலோமீட்டரில் இருக்கும் ஊர். அத்தாவுக்கு அங்கே உறவு கிடையாது. பச்சை வயல், சுத்தமான காற்று என்ற ஆசையும் கிடையாது. அவருக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது. அந்த ஊரை அவர் தேர்ந்தெடுத்தது ஜென்சியால்.

ஜென்சி அவருடைய கம்பெனியில் கிரிம்பிங் வேலை பார்த்தவர். ஒயர் முனையில் பித்தளை டெர்மினலை அழுத்திப் பதிப்பதற்குக் கிரிம்பிங் என்று பெயர். பதினாறு வருடத்தில் ஜென்சி செய்ததில் அத்தா கொடுத்த சிவப்புச் சீட்டு மொத்தம் ஏழு. இதை அவர் எங்கள் வீட்டில், மற்றவர்கள் பிள்ளைகளின் மதிப்பெண்ணைச் சொல்வது போலச் சொல்வார். அந்த ஜென்சி கொளத்துமேட்டிலிருந்து காலை நாலரைக்குக் கிளம்பி, கம்பெனி பஸ்ஸில் இரண்டு மணி நேரம் வந்து, மாலை இரண்டு மணி நேரம் திரும்பிப் போவார். அந்த ஊரிலிருந்து அப்படி முப்பது பெண்கள்.

கம்பெனி அந்தப் பிரிவை மூடியபோது அத்தாவுக்கு ஓய்வு பெற ஒரு வருடம் பாக்கி. ஜென்சி விடைபெற வந்தாராம். அத்தா கேட்டது இதைத்தான்: "பதினாறு வருஷத்துல பஸ்ல மட்டும் எவ்வளவு நேரம் ஒக்காந்திருக்கே, கணக்குப் போட்டியா?"

"அதை ஏன் சார் கேக்குறீங்க. பஸ்ஸுலயே ரெண்டு புள்ளைய வளத்தேன் போன்ல."

பெருக்கிப் பார்த்தார். இரண்டு வருடத்துக்கு மேல் வந்தது, இரவு பகல் சேர்த்து. வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்: "ஆளைத் தினமும் ஏத்திக்கிட்டு வர்றாங்க. மிஷினை ஒரு தடவை ஏத்திக்கிட்டுப் போனா முடிஞ்சுது. இது ஏன் ஒருத்தனுக்கும் தோணல?"

நான் பொறியியல் படித்தவள். சோதனைக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுகிறேன். எனக்கும் தோன்றவில்லை.

பிஎஃப் பணம், வேங்கைவாசலில் எனக்கென்று வாங்கிப்போட்ட மனையை விற்ற பணம், இரண்டையும் கொளத்துமேட்டில் போட்டார். பூட்டிக் கிடந்த கோழிப்பண்ணைக் கொட்டகையைக் கழுவி, தரை போட்டு, மூன்று கிரிம்பிங் மிஷின்களையும் நீள மேசைகளையும் இறக்கினார். வாஷிங் மெஷினுக்கு உள்ளே போகும் ஒயர்க்கட்டு, அதாவது ஹார்னஸ், செய்வது தொழில். ஜென்சி சூப்பர்வைசர். அவரோடு சேர்த்துப் பதினான்கு பெண்கள்.

எங்கள் சொந்தக்காரர்களின் நகைச்சுவை உணர்வு ஒரு வருடத்துக்கு அந்தக் கோழிகளைச் சுற்றியே நடந்தது. பாய் முட்டை எப்போ அனுப்புவார் என்பார்கள். இதைச் சொன்னவர்களில் பாதிப் பேர், முப்பது வருடம் முன்பு சேலையூருக்குக் குடிவந்தபோது ஏரிக்கரையில் சொம்போடு போனவர்கள்.

ஆர்டர் கேட்டு அத்தா ஒன்பது கம்பெனிகளுக்குப் போனார். மாதிரியை மேசையில் வைப்பார். நன்றாக இருக்கிறது என்பார்கள். எங்கே செய்கிறீர்கள் என்று கேட்பார்கள். கொளத்துமேடு என்பார். உடனே மாதிரி மெதுவாக அவர் பக்கம் திரும்பி வரும். "கிராமத்துல குவாலிட்டி மெயின்டெய்ன் பண்றது கஷ்டம் சார்." அதே பெண்கள் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் வந்து செய்ததை இதே ஆட்கள் பதினாறு வருடம் வாங்கியிருக்கிறார்கள். பஸ்ஸில் ஏறினால் குவாலிட்டி வரும் போலிருக்கிறது.

நானும் யோக்கியம் இல்லை. கம்பெனியைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். கிராமப்புற மகளிருக்கு அதிகாரம், விளிம்புநிலை வாழ்வில் மாற்றம் என்று எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். சிவப்புப் பென்சிலால் முழுப் பக்கத்தையும் ஒரே கோட்டில் அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினார்: 'டெர்மினல் எத்தனை கிலோ தாங்கும்? எழுதவில்லை.'

எட்டு கிலோ. எட்டு கிலோ இழுப்பில் கழன்று வரக்கூடாது. அது இல்லாமல் ஹார்னஸைப் பற்றி நான் ஒரு பக்கம் எழுதியிருந்தேன்.

பத்தாவது கம்பெனி மறைமலை நகர்ப் பக்கம் இருந்தது. பெயர் வேண்டாம். அங்கே பொருள் வாங்கும் பிரிவில் அத்தாவை உட்காரவே வைக்கவில்லை. ஆனால் அவர் கொடுத்த விவரத் தாள் எப்படியோ சமூகப் பொறுப்புப் பிரிவுக்குப் போய்விட்டது. அங்கிருந்து ஓவியா என்ற பெண் அழைத்தார். மிகவும் மகிழ்ந்துபோயிருந்தார். ஒரு வருடத் திட்டம், மாதம் ஐந்நூறு ஹார்னஸ், மார்ச்சில் முடியும். அத்தா கேட்டது ஒன்றுதான்: நிரந்தரமாகச் சப்ளை செய்பவர்களின் பட்டியலில் எங்களைச் சேர்ப்பீர்களா? "அதுக்கு குவாலிட்டி டீம் அப்ரூவ் பண்ணணும் சார், நம்ம புராஜெக்ட் வேற" என்றார் ஓவியா. அத்தாவின் கையில் இருந்த பணம் அந்த மார்ச் வரைதான் வரும். பட்டியலில் இடம் கிடைத்தால் கொட்டகை ஓடும். கிடைக்காவிட்டால் பூட்டு. சரி, சரக்கு பேசட்டும் என்று ஒப்புக்கொண்டார்.

ஓவியா ஒரு புகைப்படக்காரரோடு கொளத்துமேட்டுக்கு வந்தார். அன்று நானும் போயிருந்தேன். பெண்கள் மேசை முன் நாற்காலியில், நீலக் கோட்டு, தலையில் வலைத்தொப்பி, மணிக்கட்டில் நிலைமின்சாரத்தை இறக்கும் எர்த் பட்டை.

"அக்கா, ஸாரி, இந்த கோட்டெல்லாம் கொஞ்சம் கழட்டிட முடியுமா? புடவை தெரிஞ்சா நல்லா இருக்கும். அப்புறம், கீழ உக்காந்து பண்ற மாதிரி ஒரு ஷாட்?"

ஜென்சி மிஷினை நிறுத்தினார். "கீழ ஒக்காந்து எப்பிடி மா பண்றது? பெடல் மேசைக்கு அடியில கீது. காலைக் காதுல வச்சிகினா மிதிக்கிறது?"

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. ஓவியாவும் சிரித்தார், கெட்டவர் இல்லை. "சும்மா போஸ்தான் அக்கா. நேச்சுரலா இருக்கும்."

"எது நேச்சுரலு? உங்க ஆபீஸுல நீ கீழ ஒக்காந்தா கம்ப்யூட்டர் தட்டுற?"

அத்தா வாசலில் ஒரு வலைத்தொப்பியை நீட்டிக்கொண்டு நின்றார், ஓவியா அணிந்துகொள்ளும்வரை. கடைசியில் படம் எடுத்தார்கள். வெளியான படத்தில் பெண்களைக் காணோம். கொட்டகைக்கு வெளியே மேய்ந்த ஒரு ஆட்டுக்குட்டி இருந்தது.

முதல் ஐந்நூறு போனது. மறுநாளே ஏற்றுக்கொண்டதாக மெயில் வந்தது. கூடவே ஒரு பாராட்டுச் சான்றிதழ், சட்டம் போட்டது, தங்க எழுத்து.

அத்தா அதைப் பார்த்து வெளிறிப்போனார். நான் சான்றிதழைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அவர் ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். அனுப்பிய ஐந்நூறில் ஆறு துண்டுகளை அவரே கெடுத்து வைத்திருந்தார். இரண்டில் டெர்மினல் அரைகுறையாக அழுத்தப்பட்டது. இரண்டில் ஒயர் இடம் மாறியது. இரண்டில் கனெக்டரே இல்லை. ஆறிலும் உள் மடிப்பில் சிறு புள்ளி வைத்திருந்தார், அடையாளத்துக்கு. சோதனைப் பிரிவுக்காரர்களின் பழைய வழக்கம் அது. சோதிப்பவன் விழித்திருக்கிறானா என்று பார்ப்பதற்குக் கெட்டதைக் கலந்து அனுப்புவது. பெட்டியைத் திறந்தாலே தெரியும் கனெக்டர் இல்லாதது. ஒருவரும் திறக்கவில்லை.

சான்றிதழை மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு நேராக அங்கே போனார். என் வண்டியில்தான் போனோம். சோதனைப் பிரிவில் தயாளன் என்ற இளைஞர் வந்தார். ஏறக்குறைய என் வயது.

"சார், உங்க லாட்டு ஸ்பெஷல் கேட்டகிரி. அதுக்கு இன்ஸ்பெக்‌ஷன் கிடையாது. நேரா ஸ்டோருக்குப் போயிடும்."

"ஏன் கிடையாது?"

"அது... ஹெல்ப் பண்றதுக்காக வாங்குறது சார். அதுல போய் ரிஜெக்ட்லாம் பண்ணினா நல்லா இருக்காதுல்ல."

"செத்தவனையே டாக்டர் கையைப் புடிச்சுப் பாத்துட்டுதான் தம்பி சர்டிபிகேட் குடுக்குறாரு. எங்க சரக்கைத் தொட்டாவது பாத்தீங்களா?"

தயாளன் ஸ்டோருக்குப் போனார். அரை மணி நேரத்தில் ஆறையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். காது சிவந்திருந்தது. அத்தா சான்றிதழை அவரிடம் கொடுத்தார். "இதை உங்க மேடம்கிட்ட குடுங்க. அடுத்த லாட்டை எல்லாருக்கும் பண்ற மாதிரி பண்ணுங்க. தேறினா பட்டியல்ல போடுங்க. தேறலன்னா சிவப்புச் சீட்டு குடுங்க."

அத்தாவின் தவறு அதற்கு அடுத்த நாள் கொட்டகையில் வெளியே வந்தது. ஆறு துண்டுகளையும் மேசையில் போட்டு நடந்ததைப் பெருமையாகச் சொன்னார். ஜென்சி ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இதை யாரு பண்ணாங்கன்னு அந்த ஆளு நெனச்சிருப்பான் சார்?"

"நான்தான்னு சொல்லிட்டேனே."

"நீங்க போய்ச் சொன்னதுக்கு அப்பறம். அதுக்கு முன்னாடி எவனாவது பெட்டியத் தொறந்திருந்தா? பாரு, பட்டிக்காட்டுக்காரிங்க வேலைன்னு இல்ல சொல்லியிருப்பான்? எங்க பேருல கெட்ட பீஸ் போட உங்களுக்கு யாரு சார் குடுத்தா உரிமை?"

ஜென்சி ஐந்து நாள் அவரோடு வேலையைத் தவிர வேறு பேசவில்லை. ஆறாவது நாள் அத்தா குறைபாட்டுப் படிவம் ஒன்றை நிரப்பி அவர் மேசையில் வைத்தார். ஹார்னஸில் குறை வந்தால் எழுதும் அதே அச்சடித்த படிவம். அதை ஜென்சி இன்னும் வைத்திருக்கிறார். போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார்.

'குறை: கேட்காமல் செய்தது. யார் செய்தது: ஹிதாயத்துல்லா. காரணம்: பழக்கம். திருத்த நடவடிக்கை: இனி ஜென்சியிடம் கேட்பது. சரிபார்த்தவர்:' அந்த இடம் காலியாக இருந்தது. ஜென்சி கையெழுத்துப் போட்டார். அடியில், 'கண்காணிப்பில்' என்றும் எழுதினார்.

அடுத்த ஐந்நூறு, எல்லோருக்குமான வரிசையில் நின்றது. பதினெட்டு நாள் ஆயிற்று. அந்தப் பதினெட்டு நாளும் அத்தா வீட்டில் எதையும் ரிஜெக்ட் செய்யவில்லை. அம்மாவுக்கே பயம் வந்துவிட்டது.

திங்கட்கிழமை மதியம் மெயில் வந்தது. ஞாயிறு பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினோமே, அதற்கு அடுத்த நாள். ஐம்பது துண்டுகளை எடுத்துச் சோதித்திருந்தார்கள். மூன்றில் டெர்மினல் ஐந்து கிலோவிலேயே கழன்றுவிட்டது. லாட், அதாவது ஐந்நூறும், நிராகரிக்கப்பட்டது. பத்து வேலைநாளுக்குள் சப்ளையர் நேரில் வந்து எடுத்துப் போய், பிரித்து, சரிசெய்து, மறுபடி கொண்டுவர வேண்டும். தேறினால் நிரந்தரப் பட்டியல். கீழே தயாளனின் கையெழுத்து. இரண்டு பக்கம், அளவுகள், வரைபடம், மூன்று துண்டுகளின் குளோஸப் படம். ஒரு பாராட்டு வார்த்தை இல்லை.

அத்தா அதை இரண்டு பிரதி எடுத்தார். என் எதிரிலேயே ஜென்சிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஜென்சி, வாழ்த்துகள். ரிஜெக்ட் ஆயிட்டோம்."

"இன்னா சார், குடிச்சிருக்கீங்களா?"

"மூணு பீஸ். அஞ்சு கிலோவுல கழண்டிருக்கு. மூணும் ஒரே மாதிரி."

ஜென்சியின் குரல் மாறியது. "மூணாவது மிஷினு சார். ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். நான் போன வாரமே சொன்னேன், சத்தம் வேறயா கீதுன்னு."

"சொன்னே. நான்தான் கேக்கல. இன்னொரு படிவம் வை."

"மாத்திடுறேன். நாளைக்கு குட்டியானை எடுத்துகினு கேட்டுக்கு வந்துடவா?"

"பதினோரு மணிக்கு வா. நான் ரயில்ல வந்துடுறேன்."

செவ்வாய்க்கிழமை ஜென்சி, வாடகைக்கு எடுத்த குட்டியானை வண்டியோடு அந்தக் கம்பெனி கேட்டில் ஒரு மணி வரை நின்றார். அனுமதிச் சீட்டு அத்தாவின் பெயரில் இருந்ததால் உள்ளே விடவில்லை. ஒரு மணிக்கு நான் போன் செய்தேன். அதே வண்டியில் ஊருக்குத் திரும்பி, மற்ற பெண்களை ஏற்றிக்கொண்டு, சரக்கு வைக்கும் இடத்தில் நின்றபடி பதினான்கு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

வந்தவர்களுக்கெல்லாம் எங்கள் தெருப் பெண்கள் டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களுக்கு எங்கள் வீட்டுக் கண்ணாடி டம்ளர். கொளத்துமேட்டுப் பெண்களுக்கு மட்டும் எங்கிருந்தோ பேப்பர் கப் வந்தது. யாரும் சொல்லிச் செய்யவில்லை. அவர்களுடைய கைக்கே தெரிந்திருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய் டம்ளர் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. ஜென்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அழுது முடித்து, கையிலிருந்த கப்பைத் தூக்கி அடிப்பாகத்தைப் பார்த்தார்.

"ஒழுகுது பாப்பா. சார் இருந்தா சிவப்புச் சீட்டு குடுத்திருப்பாரு."

அன்று நான் சிரித்தது அப்போது மட்டும்தான்.

அடுத்த திங்கட்கிழமை ஓவியா அழைத்தார். உண்மையாகவே அழுதார். பிறகு விஷயத்துக்கு வந்தார். "மேனேஜ்மென்ட்ல பேசிட்டேன் மேடம். சாருக்கு ஒரு மரியாதையா அந்த லாட்டை அப்படியே அக்செப்ட் பண்ணிக்கிறோம். ரிஜெக்‌ஷனை கேன்சல் பண்ணிடலாம். ஸ்பெஷல் கேட்டகிரில ரெண்டு வருஷம் எக்ஸ்டென்ட் பண்றோம். சார் போட்டோ போட்டு ஒரு சின்ன ஆர்ட்டிகிள். நீங்க ஓகேன்னு ஒரு மெயில் போட்டா போதும்."

இரண்டு வருடம் என்றால் பதினான்கு பேருக்கு இரண்டு வருடச் சம்பளம். பட்டியலுக்குப் போனால் மறுசோதனையில் தேறுவோமா என்று தெரியாது. தேறாவிட்டால் மார்ச்சில் கொட்டகைக்குப் பூட்டு. என்னுடைய சம்பளம் மாதக் கடைசியில் தானாக வந்துவிடும். இதை முடிவு செய்ய நான் யார்? ஜென்சிக்குப் போன் செய்து அப்படியே சொன்னேன்.

"கேட்டுட்டு செய்யிறியே, நல்லது" என்றார். பிறகு, "ஒரு மணி நேரம் குடு. எல்லாரையும் கேக்கணும்."

நாற்பது நிமிடத்தில் அழைத்தார்.

"ரெண்டு பேரு வாங்கிக்கலாம்னாங்க. தப்பில்ல, வூட்டுல கஷ்டம். மீதிப் பேரு வேணாம்னாங்க. பாப்பா, அந்த ஐந்நூறுல மூணாவது மிஷின் பீஸு இன்னும் எத்தினி கீதோ. அது எவ வூட்டு வாஷிங் மெஷின்லயோ போய்ப் பொகஞ்சா, மரியாதை குடுத்து வாங்கினவன் பேரையா சொல்லுவானுங்க? எங்க ஊரு பேரைச் சொல்லுவானுங்க. ஓகேன்னு மெயில் போடாத."

மெயில் போட்டேன். மூன்று வரி. ரிஜெக்‌ஷனை ரத்து செய்ய வேண்டாம். லாட்டைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். கட்டுரை தேவையில்லை. ஓவியா பதில் அனுப்பவில்லை. புண்பட்டிருக்கலாம். நன்கொடையைத் திருப்பிக் கொடுத்தால் கொடுத்தவருக்கு வரும் கோபம், ஏமாற்றிப் பிடுங்கிக்கொண்டால்கூட வருவதில்லை.

தயாளன்தான் அழைத்தார். இரங்கல் சொன்னார். சுருக்கமாக. "மேடம், சாரோட லாட்டு, ரிஜெக்ட் சரக்கு வைக்கிற சிவப்புக் கோட்டுக்கு உள்ள அப்படியே இருக்கு. வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும்தான் டைம். அதுக்கு மேல சிஸ்டம் ஸ்கிராப்புக்கு அனுப்பிடும், என்னால நிறுத்த முடியாது. சப்ளையர் பேர் மாத்தணும்னா லெட்டர் வேணும்."

"ஜென்சி பேர்ல லெட்டர் தர்றேன். வியாழக்கிழமை வருவாங்க."

"அவங்க ரெஸ்பான்ஸிபிள் பெர்சனா மேடம்? இல்ல, அது ஃபார்ம்ல கேக்கும், அதான்."

"பதினாறு வருஷத்துல ஏழு ரிஜெக்ட். எழுதிக்கோங்க" என்றேன்.

இன்று புதன்கிழமை. லெட்டர் அடித்துவிட்டேன். மூன்றாவது மிஷினில் புது ஸ்பிரிங் போட்டாயிற்று, நூறு துண்டு இழுத்துப் பார்த்து எட்டரை கிலோவுக்குக் கீழே ஒன்றும் வரவில்லை என்று ஜென்சி அளவுகளை அனுப்பியிருக்கிறார். மறைமலை நகரில் அந்த ஸ்டோரில் பதினோரு அட்டைப்பெட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் சிவப்புச் சீட்டு. எடுத்துப் போக வேண்டியவர் என்ற இடத்தில் இதுவரை ஹிதாயத்துல்லா என்றே இருக்கிறது. வருகை நேரம் என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதப்படவில்லை.